மரத்துப் பாறும் பாறைப் பாறும்

வெயில் ஏறும் வரை பாறு கழுகு எதுவும் செய்வதில்லை. மோயாற்றங்கரையில் நிற்கும் நீர்மருதின் உச்சிக் கிளையில், தோளை உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆற்றின் மேல் பனிப்புகை இன்னும் கலையவில்லை. பாறு ஒருமுறை உடம்பை உதறுகிறது. அலகை மார்புக்குள் விட்டு இரண்டு மூன்று இறகுகளைக் கோதுகிறது. பிறகு அப்படியே இருந்துவிடுகிறது. பக்கத்து மரத்தில் இன்னொன்று, அதற்கடுத்த மரத்தில் கூட்டோடு ஒன்று. தொலைநோக்கியை நகர்த்த நகர்த்தக் கரையோரம் நெடுக அவை தென்படுகின்றன.

சோம்பல் என்று இதைச் சொல்லக் கூடாது. விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் சிறகு, நான்கைந்து கிலோ உடம்பு. இதைச் சிறகடித்தே நாள் முழுக்கத் தூக்கிச் செல்வதென்றால் தின்பதெல்லாம் அதற்கே போய்விடும். தரை சூடாகிக் காற்று மேலே கிளம்ப வேண்டும். அந்தக் காற்றில் ஏறி வட்டமிட்டு உயரம் பிடித்துவிட்டால், பிறகு சிறகை அசைக்காமலே பல கிலோமீட்டர் சறுக்கிப் போகலாம். அதற்கான காத்திருப்புதான் இது.

மரத்தில் இருக்கும் இதன் பெயர் வெண்முதுகுப் பாறு. உட்கார்ந்திருக்கும்போது முதுகின் வெள்ளை தெரியாது. கருஞ்சாம்பல் உடம்பும், கழுத்தடியில் சுற்றிய வெண்பஞ்சு வளையமும் மட்டும் தெரியும். கூடு சுள்ளிகளால் ஆனது. உள்ளே பச்சை இலைகளைப் பரப்பியிருக்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கூட்டில் இப்போது இருப்பது யார் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கிளையில் வந்து இறங்குவதும், கூட்டில் இருந்தது எழுந்து வழிவிடுவதும் மட்டும் தெரியும். அந்த மாற்றத்தில் அவசரமே இருக்காது. வந்தது விளிம்பில் சற்று நேரம் நிற்கும். இருந்தது மெல்ல எழும். முட்டை திறந்து கிடக்கும் நேரம் மிகக் குறைவு.

பாறையில் வாழ்வதைப் பார்க்க வேறு திசையில் திரும்ப வேண்டும். நீலகிரியின் வடசரிவு சீகூர் பீடபூமியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடங்களில், மனிதக் கால் எட்டாத பாறை முகங்கள் இருக்கின்றன. அவற்றில் வெள்ளைச் சுண்ணாம்பு வழிந்தது போன்ற கறைகளைத்தான் முதலில் தேட வேண்டும். அது எச்சம். எச்சக் கறைக்கு மேலே ஒரு திண்ணை, திண்ணையின் நிழலில் வெளிர்பழுப்பாய் ஓர் உருவம். அதுதான் கருங்கழுத்துப் பாறு. நீண்ட கழுத்தும் தலையும் கருமை, உடம்பும் அலகும் வெளிர் நிறம், தொடையில் வெள்ளைத் தூவி. வெண்முதுகுப் பாறைவிடச் சற்றே பெரியது. அலகும் நீளம். பாறையில் பட்டு மேலேறும் காற்று இதற்கு வாசலிலேயே கிடைக்கிறது. நான் பார்த்தவரை, ஆற்றங்கரைக்காரர்கள் இன்னும் கிளையில் இருக்கையில் இது விளிம்பிலிருந்து சரிந்து காற்றில் ஏறிவிடும். சரிந்த அந்த முதல் நொடியில் கீழே விழுவது போலத்தான் இருக்கும். பிறகு சிறகு விரிந்து, பாறை முகத்தை ஒட்டியே நழுவி, மேலே வரும்.

வட இந்தியாவில் இதற்குப் பாறையும் கட்டாயமில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவில் பழைய அரசர்களின் நினைவு மண்டபங்களில், கோபுர இடுக்குகளில் கூடு வைக்கிறது. கல்லில் உயரமும் ஒதுக்கமும் கிடைத்தால் போதும். தெற்கே, பெங்களூர்–மைசூர்ச் சாலையில் ராமநகரத்தின் பாறைக்குன்றுகளிலும் இது இருக்கிறது. அங்குள்ள ராமதேவர பெட்டாவைக் கர்நாடக அரசு 2012இல் பாறு சரணாலயமாக அறிவித்தது. வெண்முதுகுப் பாறுக்கோ மரம் வேண்டும், அதுவும் பருத்து உயர்ந்த மரம். ஊருக்குள் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரு காலத்தில் டெல்லியின் சாலை மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு வைத்த பறவை இது.

இரண்டையும் வானத்தில் பிரித்தறிவது பழகினால் எளிது. தலைக்கு மேலே போகும்போது சிறகின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முன்பாதி பளீரென்ற வெள்ளை, பின்பாதி கருமை என்றால் வெண்முதுகு. முன்பாதியும் உடம்பும் வெளிர்பழுப்பாக இருந்து, தலை இருண்டிருந்தால் கருங்கழுத்து. ஒரே இடத்தில்தான் தடுமாற்றம் வரும். வெண்முதுகுப் பாறின் இளம்பறவைக்கு முதுகில் வெள்ளை இருக்காது, உடம்பும் பழுப்பாக இருக்கும். முழு நிறம் பெற நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அவசரப்பட்டுப் பெயர் எழுதாமல் இருப்பதே நல்லது.

பெயர் எழுதுவது லேசான வேலை இல்லை என்பதற்கு இந்த இரண்டின் வரலாறே சாட்சி. கருங்கழுத்துப் பாறுக்கு 1786இல் ஸ்கோபோலி அறிவியல் பெயர் கொடுத்தார். வெண்முதுகுப் பாறுக்கு 1788இல் க்மெலின் கொடுத்தார். இருவருமே உயிருள்ள பறவையை அதன் காட்டில் பார்த்தவர்கள் அல்லர். ஐரோப்பாவில் இருந்தபடி, பிறர் எழுதிய குறிப்புகளை வைத்துப் பெயரிட்டவர்கள். இன்று இரண்டும் ஜிப்ஸ் என்ற ஒரே பேரினத்தில் இருக்கின்றன. ஒன்று ஜிப்ஸ் பெங்காலென்சிஸ், மற்றது ஜிப்ஸ் இண்டிகஸ். நடுவில் ஒரு காலம் வெண்முதுகுப் பாறைத் தனிப் பேரினமாகப் பிரித்தவர்களும் உண்டு. அவர்கள் கண்டது வாலை. மற்ற ஜிப்ஸ்களுக்கு வாலில் 14 இறகுகள், வெண்முதுகுக்கும் ஆப்பிரிக்காவில் வாழும் அதன் சாயலுடைய பாறுக்கும் 12. பின்னாளில் வந்த மரபணு ஆய்வு அந்தப் பிரிவினைக்குத் துணை நிற்கவில்லை.

இன்னொரு பிரிவினை நிலைத்தது. இமயத்தின் அடிவாரத்திலும் அசாமிலும் ஒரு பாறு உண்டு. மெலிந்த அலகு, தூவியே இல்லாத ஒல்லிக் கழுத்து. நெடுங்காலம் அதைக் கருங்கழுத்துப் பாறின் உள்ளினமாகவே எழுதி வந்தார்கள். ஆனால் அது கூடு வைப்பது பாறையில் இல்லை, மரத்தில். பமேலா ராஸ்முசனும் ஸ்டீவன் பாரியும் 2001இல் இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று நிறுவினார்கள். அதன் பெயர் ஜிப்ஸ் டெனுயிராஸ்ட்ரிஸ். ஏதோ அருங்காட்சியக அலமாரிக்குள் நடந்த திருத்தம் என்று இதைக் கடந்துவிட முடியாது. ஒரே இனமாகவே எண்ணியிருந்தால், மத்திய இந்தியப் பாறைகளில் மிஞ்சியிருந்த பறவைகளின் எண்ணிக்கைக்குள் அந்த வடகிழக்குப் பறவையின் அழிவு மறைந்து போயிருக்கும். தனி இனம் என்று தெரிந்ததால்தான் அதற்கென்று தனியாகப் பாறு இனப்பெருக்க மையத்தில் இடம் ஒதுக்க முடிந்தது.

சொந்தம் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பாறு கழுகுகள் பருந்து, இராசாளிப் பருந்துகளோடு சேர்ந்த குடும்பம். அமெரிக்கக் கண்டங்களில் பிணம் தின்னும் பெரும்பறவைகள் உருவில் இவற்றைப் போலவே இருந்தாலும் வேறு குடும்பம். நம் திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் பொங்கல் உண்ண வந்த இணை, மஞ்சள்முகப் பாறு. அது இதே குடும்பம்தான், ஆனால் வேறு கிளை. ஜிப்ஸ் பேரினமோ ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு. அந்த நெருக்கம்தான் அவற்றின் பொது ஆபத்தாகவும் ஆனது.

பிணத்தருகே அந்த உறவைப் பார்க்கலாம். செந்நாய்கள் தின்று விட்டுப்போன புள்ளிமான். முதலில் வருவது செந்தலைப் பாறு, பெரும்பாலும் இணையாக. தடித்த தோலைக் கிழிக்கும் வலு அதன் அலகில் உண்டு. உயரத்தில் சுற்றும் வெண்முதுகுகள் தரையை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்றையொன்றும் பார்க்கின்றன. ஒன்று இறங்கினால், தூரத்தில் இருப்பது அந்த இறக்கத்தைப் பார்த்து இறங்குகிறது. அதைப் பார்த்து இன்னொன்று. சற்று முன் வெறுமையாக இருந்த வானம் நிறைகிறது. இறங்கியவை உடனே தின்பதில்லை. சிறகைப் பாதி விரித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்து, நின்று, சுற்றிலும் பார்க்கும். எழும்ப ஓட்டம் பிடிக்க இடம் இருக்கிறதா என்பதே அவற்றின் முதல் கவலை. உண்ணிச்செடி அடைத்துக் கிடக்கும் புதரில் பிணம் கிடந்தால் மேலிருந்து பார்த்துவிட்டு இறங்காமல் போகும். முதுமலையைச் சுற்றிய காடுகளில் இந்த அயல்செடி பரவிய அளவு, பாறுகளுக்குப் பந்தி சுருங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால் யானைக்கும் மானுக்கும் மட்டுமல்ல, வானத்தில் இருப்பவற்றுக்கும் அந்தச் செடியால் இழப்பு என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

தின்னத் தொடங்கிவிட்டால் கூச்சலும் தள்ளுமுள்ளும்தான். சீறல், கரகரப்பு, ஒன்றன் முதுகில் மற்றொன்று. வெண்முதுகுகளின் நடுவே கருங்கழுத்து ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். அது தன் நீள அலகை விலாவுக்குள் விட்டு இழுக்கும். மரத்துக்காரரும் பாறைக்காரரும் என்ற பேதம் அங்கே கிடையாது. ஒரே பிணம், ஒரே இறைச்சி, அதில் என்ன இருந்தாலும் இரண்டின் வயிற்றுக்கும் போகும்.

அப்படித்தான் போனது. 1990களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கழுத்துத் தொங்கக் கிளைகளில் இருந்து, பிறகு விழுந்து சாவதைப் பறவையியலாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். நாடெங்கும் அதே கதை. நோய்த்தொற்று என்றே பலரும் தேடினார்கள். பாகிஸ்தானில் இறந்த வெண்முதுகுப் பாறுகளைச் சோதித்த லிண்ட்சே ஓக்ஸின் குழு, உள்ளுறுப்புகளெங்கும் யூரிக் அமிலம் சுண்ணமாகப் படிந்திருப்பதைக் கண்டது. சிறுநீரகம் செயலிழந்திருந்தது. காரணம் கால்நடைகளுக்கு வலியும் வீக்கமும் குறையப் போடும் டைக்ளோஃபினாக். அந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்தால், அதன் இறைச்சியில் இருக்கும் மருந்தே பாறுகளைக் கொல்லப் போதும். நூறு பிணங்களில் ஒன்றில்கூட அல்ல, அதற்கும் குறைவான பிணங்களில் இந்த மருந்து இருந்தாலே நடந்த அழிவு முழுவதையும் விளக்கிவிடும் என்று கணக்கிட்டார்கள். கூட்டமாக வந்து உண்ணும் பறவைக்கு ஒரு பிணமே ஒரு கூட்டத்தின் சாவு.

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு அழிந்தன. கருங்கழுத்தும் அதன் இமய உறவும் சேர்ந்து 96.8 விழுக்காடு. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது ஒரு பக்கம், முப்பத்திரண்டு மிஞ்சியது மறுபக்கம். 1980களில் உலகின் பெரிய வேட்டைப் பறவை இனங்களிலேயே எண்ணிக்கையில் மிகுந்தது என்று எழுதப்பட்ட பறவைதான் அந்த ஆயிரத்தில் ஒன்றுக்கு வந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இன்று இரண்டுமே மிக அருகிவிட்ட இனங்கள். அழிவுக்கு முந்தைய கடைசிப் படி அது. நம் வனவுயிர்ச் சட்டத்தில் இரண்டுக்கும் முதல் அட்டவணைப் பாதுகாப்பு.

பட்டியலில் ஒரே படி என்றாலும் நிலைமை ஒன்றல்ல. 2015இல் நாடளவில் எடுத்த கணக்கு வெண்முதுகு சுமார் 6,000, கருங்கழுத்து சுமார் 12,000 என்றது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். இங்கே காண்பதில் பெரும்பகுதி வெண்முதுகு, கருங்கழுத்து கைவிரல்விட்டு எண்ணும் அளவே. வெண்முதுகுக்குப் பாகிஸ்தானிலிருந்து கம்போடியா வரை சிதறிய உறவுகள் உண்டு. கருங்கழுத்துக்குக் கிட்டத்தட்ட இந்தியாவே முழு உலகம், இங்கே போனால் போனதுதான். இதனால்தான் இரண்டையும் ஒரே பெயரில் கூட்டி ஒரு மொத்த எண்ணைச் சொல்லும் செய்திகள் எனக்குப் போதவில்லை. 2023இலிருந்து தமிழகமும் கேரளமும் கர்நாடகமும் ஒரே நாட்களில் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. மாநில எல்லையைக் காலையில் தாண்டி மாலையில் திரும்பும் பறவைக்கு அதுவே சரியான முறை. மூன்று மாநிலக் காட்டிலும் சேர்ந்து கிடைப்பது சில நூறு. அதில் எது எத்தனை என்று பிரித்துச் சொன்னால்தான் பாறை முகத்தில் இருக்கும் அந்தச் சிலவற்றின் மேல் கவனம் விழும்.

காவலும் வேறு வேறாகவே வேண்டியிருக்கிறது. வெண்முதுகுக்கு ஆற்றங்கரை மரங்கள் நிற்க வேண்டும். முதிர்ந்த நீர்மருது ஒன்று வெள்ளத்தில் சாய்ந்தால் அதில் இருந்த கூடுகளும் போகும். பதிலுக்கு ஒரு கன்று நட்டு அது கூடு தாங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். கூடு வைக்கும் பருவமும் குளிர்கால, கோடைத் தொடக்கக் கோயில் விழாக்களும் இந்தக் காட்டில் ஒரே மாதங்களில் வருகின்றன. வெடியும் ஒலிபெருக்கியும் கூட்டமும் ஆற்றங்கரைக்கு வந்தால் கூட்டிலிருந்து பாறு எழுந்துவிடும். எழுந்த நேரத்தில் முட்டையோ குஞ்சோ வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் கிடக்கும். பாறைக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கூடு வைக்கும் திண்ணைகள் எண்ணித்தான் இருக்கின்றன, அந்த இடம் கலைந்தால் மாற்று இடமில்லை. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்த ஆத்திரத்தில் பிணத்தில் நஞ்சு தடவும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவான கேடு. இழப்பீடு விரைவாகக் கையில் கிடைக்கும் ஊரில் அந்த ஆத்திரம் தணிகிறது.

வகைப்பாடு உயிர் காத்த கதை இங்கேதான் வருகிறது. டைக்ளோஃபினாக்குக்கு மாற்று எது என்று தேடியபோது, அழிந்துகொண்டிருந்த நம் பாறுகளில் எந்த மருந்தையும் சோதித்துப் பார்க்கும் நிலை இல்லை. அப்போது ஆப்பிரிக்காவில் எண்ணிக்கையில் மிகுந்திருந்த அந்த ஜிப்ஸ் உறவுக்கு, வாலில் 12 இறகு கொண்ட அதற்கு, மெலாக்சிகாம் கொடுத்துப் பார்த்தார்கள். அது தாங்கியது. பிறகு வெண்முதுகுக்கும் கருங்கழுத்துக்கும் சிறு எண்ணிக்கையில் கொடுத்து உறுதி செய்தார்கள். அமெரிக்கப் பிணந்தின்னிகளிடம் சோதித்திருந்தால் கிடைத்த விடையை நம்பியிருக்க முடியாது. அவை டைக்ளோஃபினாக்கையே தாங்கும் வேறு குடும்பம். கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை 2006இல் இந்தியா தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவது நிற்கவில்லை என்பதால் 2015இல் ஒற்றை வேளைக்கான 3 மில்லி குப்பிக்கு மேல் கூடாது என்றது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2023இல் கால்நடைக்கான வேறு இரண்டு வலி மருந்துகள், கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும், தடை செய்யப்பட்டன. ஒவ்வொரு தடைக்கும் இடையில் கழிந்தவை ஆண்டுகள். ஒரு பாறு முட்டையிடத் தகுதி பெறவே ஐந்து ஆண்டுகள் ஆகும்.

பவானிசாகர் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் வரிசை காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. முன்னால் நின்றவர் நடுத்தர வயதுக்காரர், தோளில் துண்டு.

"டாக்டரம்மா, மாட்டுக்கு முழங்கால் வீங்கிப் போச்சுங்க. எந்திரிக்க மாட்டேங்குது. போன தடவை வேற ஒருத்தரு வந்து ஊசி போட்டாருங்க, ஒரே நாள்ல எந்திரிச்சிருச்சு. அதே ஊசி வேணுங்க."

"என்ன ஊசின்னு தெரியுமாங்கண்ணா?"

"தெரியலீங்க. சின்னக் குப்பி, கடையில வாங்கிட்டு வந்தாரு."

"அது வேண்டாங்க. இது மெலாக்சிகாம். வலியும் குறையும், வீக்கமும் வத்தும். ஒருவேளை மாட்டுக்கு ஏதாச்சும் ஆயி நீங்க காட்டோரம் போட்டாலும், அதைத் திங்கிற பாறுக்கு ஒண்ணும் ஆகாது."

"பாறுங்களா? எங்கப்பாரு காலத்துல எங்க தோட்டத்துக்கு மேலயே நூறு, இருநூறு சுத்தும்ங்க. இப்ப எப்பயாச்சும் ஒண்ணு ரெண்டு தான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிங்க, போடுங்க. அந்த ஊசிப் பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. எங்க ஊர்ல இன்னும் நாலு பேரு பட்டி வெச்சிருக்காங்க, அவங்ககிட்டயும் காட்டோணும்."